மூச்சுக்கு முன்னால் காது

முத்துக்குளித்தல் என்றதும் தமிழ் மனத்துக்கு முதலில் தோன்றுவது மூச்சு. மூச்சை அடக்கி மூழ்கினார்கள், மூச்சு முட்டும்வரை சிப்பி பொறுக்கினார்கள், மூச்சு தீர்ந்ததும் கயிற்றை அசைத்தார்கள் என்றுதான் கதைகளும் பாடப்புத்தகங்களும் நமக்குச் சொல்லித் தந்திருக்கின்றன. பாண்டியரின் கொற்கையிலிருந்து தூத்துக்குடி, கீழக்கரை, மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையிலிருந்த மரிச்சுக்கட்டி வரை இரண்டாயிரம் ஆண்டுகள் நீண்ட அந்தத் தொழிலை நாம் நுரையீரலின் வீரமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். இன்று மலேசியாவில் பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகளுக்குப் போய், மூச்சடக்கி மூழ்கும் ஃப்ரீடைவிங் கற்கும் இளைஞர்களும் இதே எண்ணத்தோடுதான் கடலில் இறங்குகிறார்கள். ஒரு நிமிடம் மூச்சை அடக்கப் பழகிவிட்டேன், இனி ஆழம் போகலாம் என்று நினைக்கிறார்கள். இந்த நினைவு பிழையானது என்பது என் வாதம். கவசமோ காற்றுக் கலனோ இல்லாமல் மூழ்கும் மனிதர் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது நுரையீரல் அல்ல. காதின் உட்புறத்தையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும், ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சிறு குழல்தான் அதை முடிவு செய்கிறது. முத்துக்குளித்தலை மூச்சுக் கலை என்பதைவிடக் காதுக் கலை என்பதே பொருந்தும்.

முதலில் மூச்சுக் கணக்கைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் பார் என்பார்கள். அவை பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் ஆழத்தில் கிடப்பவை. ஒரு பாகம் ஏறத்தாழ 1.8 மீட்டர் என்பதால், குளிகாரர் இறங்கியது 9 முதல் 18 மீட்டர் வரை. 1905-இல் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில், அதாவது முத்துக்குளிப்புப் பருவத்தில், சுமார் 5,000 குளிகாரர்கள் சேர்ந்து 8 கோடி அளவுக்குச் சிப்பிகளை எடுத்தார்கள். ஹெர்ட்மன், ஹார்னெல் போன்ற உயிரியலாளர்கள் சலாபங்களை நேரில் ஆராய்ந்த காலம் அது. பழைய பயணிகள் சிலர் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று எழுதிவைத்த வியப்புக் கதைகளை ஒதுக்கிவிட்டுக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால், ஒரு முழுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை நிமிடம். அது பெரிய காரியமே அல்ல என்று சொல்லமாட்டேன். நீருக்கடியில் கை ஓயாமல் வேலை செய்துகொண்டு ஒரு நிமிடம் தாங்குவதும், அதை ஒரே நாளில் 40, 50 தடவை செய்வதும் கடுமையான உழைப்பு. ஆனால் மனித நுரையீரலின் எல்லை அங்கே இல்லை. அசையாமல் மிதந்தபடி மூச்சை அடக்குவதில் பிரான்சின் ஸ்தெஃபான் மிஃப்சூத் 2009-இல் 11 நிமிடம் 35 விநாடியை எட்டினார். உடல்நலமுள்ள எவரும் சில வாரப் பயிற்சியில் கரையில் உட்கார்ந்தபடி ஒன்றரை நிமிடம் அடக்கிவிடலாம். அவர்களில் எத்தனை பேரால் 18 மீட்டர் அடியில் போய் ஒரு சிப்பியைத் தொட முடியும்? பெரும்பாலோர் மூன்று மீட்டரைத் தாண்டமாட்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது மூச்சுமுட்டல் அல்ல, காதுவலி.

காரணம் எளிய இயற்பியல். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இரத்த அழுத்தம் அளக்கும் பாதரச அளவில் சொன்னால், மீட்டருக்கு ஏறத்தாழ 76 மில்லிமீட்டர். உடலின் பெரும்பகுதி நீராலும் திசுவாலும் ஆனது என்பதால் இந்த அழுத்தம் அதைச் சுருக்குவதில்லை. சுருங்குபவை காற்று நிறைந்த அறைகள் மட்டுமே. நுரையீரல் மீள்தன்மையுள்ள பை, அது தானே சுருங்கிக் கொடுக்கும். நடுச்செவி அப்படியல்ல. எலும்புச் சுவர்களுக்குள் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் காற்று அடைபட்ட சிறு அறை அது. அதன் ஒரு பக்கத்தில் மட்டும் எலும்புக்குப் பதிலாக ஒரு மெல்லிய தோல் இருக்கிறது, செவிப்பறை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்புதான். வெளியே நீரின் அழுத்தம் ஏற ஏற, உள்ளே காற்று அதே அளவில் நின்றால், செவிப்பறை உள்நோக்கி வளையும், இழுபடும், வலிக்கும், பிறகு கிழியும். உள்ளேயும் அதே அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றிவிட்டால் பறைக்கு இருபுறமும் சமம், வலி இல்லை. அந்தக் காற்று போவதற்கு இருக்கும் ஒரே வழி யூஸ்டேஷியன் குழல். பதினாறாம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூற்றியலாளர் பார்த்தொலொமியோ யூஸ்டாக்கியின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இந்தக் குழலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாமே இதன் அமைப்பில் அடங்கியிருக்கிறது. காதை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு எலும்பால் ஆனது, எப்போதும் திறந்திருக்கும். மூக்கின் பின்புறத்தை நோக்கிய மீதி இரண்டு பங்கு குருத்தெலும்பும் மென்திசுவும். அது எப்போதும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் மேலண்ணத்துத் தசைகள் இழுத்து அதைக் கணநேரம் திறக்கின்றன. காதுக்குள் காற்று மிகுந்தால் அது தானாகவே இந்த வாயைத் தள்ளிக்கொண்டு வெளியேறிவிடும். உள்ளே காற்று குறைந்தாலோ நிலைமை தலைகீழ். காதின் வெற்றிடம் குழலின் மென்சுவர்களை உறிஞ்சுகிறது, நனைந்த காகித ஸ்ட்ராவை வலுவாக உறிஞ்சினால் சுவர்கள் ஒட்டிக்கொள்வது போல அவை ஒட்டிக்கொள்கின்றன. அழுத்த வேறுபாடு 90 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டும்போது அண்ணத் தசைகளால் அதைத் திறக்க முடியாது என்று விமான மருத்துவமும் முக்குளிப்பு மருத்துவமும் கண்டிருக்கின்றன. மீட்டருக்கு 76 என்ற கணக்கில் இது எவ்வளவு ஆழம்? வெறும் 1.2 மீட்டர். அதாவது காதைச் சமன் செய்யாமல் ஒருவர் தம் இடுப்புயரத்துக்குச் சற்று மேலான ஆழத்துக்கு இறங்கினாலே குழல் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எவ்வளவு முயன்றாலும் பயனில்லை, மேலே ஏறி வேறுபாட்டைக் குறைத்தால்தான் பூட்டு திறக்கும். விடாப்பிடியாக இறங்குபவருக்குச் செவிப்பறை எங்கே கிழியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு இரண்டு மீட்டருக்குள், சிலருக்கு ஐந்து மீட்டருக்கும் கீழே.

கடல் பார்க்காதவருக்கும் இந்தக் குழலின் குணம் தெரிந்ததுதான். மலாக்கா மாநிலத்து லூபோக் சீனாவிலிருந்தோ மஸ்ஜித் தானாவிலிருந்தோ பேருந்தில் கெந்திங் மலைக்குப் போய் வருபவர் எல்லாருக்கும் காது அடைக்கும். ஏறும்போது அது தானாகவே விடுபட்டுவிடும், இறங்கும்போதுதான் விழுங்கியும் தாடையை அசைத்தும் பார்க்கவேண்டியிருக்கும். குழந்தைகள் அழுவதும் பெரும்பாலும் இறக்கத்தில்தான். காற்று வெளியேற வழி எளிது, உள்ளே நுழைய வழி கடினம் என்று மேலே சொன்னதன் நேரடி விளைவு இது. கெந்திங் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்த மொத்த மலையிறக்கத்தின் அழுத்த மாற்றத்தை நீரின் ஆழமாகக் கணக்கிட்டால் இரண்டு மீட்டர்தான் வரும். பேருந்து அரைமணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு இறங்கும் மாற்றத்தை, கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கிய குளிகாரர் இரண்டு மூன்று விநாடிகளில் கடந்தார். கடந்தபின் இன்னும் 16 மீட்டர் மீதம் இருந்தது.

இந்தக் கண்ணோட்டத்தோடு பழைய குறிப்புகளைத் திரும்பப் படித்தால், எழுதியவர்கள் கண்டும் உணராமல் விட்ட ஒன்று தெரியவருகிறது. 1803-இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல் குளிகாரர் இறங்கும் விதத்தை நுணுக்கமாக வர்ணிக்கிறார். வலக்கால் விரல்களால் கல் கட்டிய கயிற்றைக் கவ்வுகிறார், இடக்கால் விரல்களால் சிப்பி போடும் வலைப்பையைப் பிடிக்கிறார், வலக்கையில் இன்னொரு கயிறு, இடக்கையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். அரபு நாடுகளிலிருந்து வந்த குளிகாரர்களோ கையை விடுவிப்பதற்காகக் கொம்பில் செய்த இடுக்கியை மூக்கில் மாட்டினார்கள். பார்த்தவர்கள் பெரும்பாலும் இதை மூக்குக்குள் நீர் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடாகவே எண்ணினார்கள். அந்த நோக்கமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மூக்கை அடைத்தால்தான் தொண்டையின் மேற்பகுதியில் காற்றழுத்தத்தைக் கூட்டமுடியும், கூட்டினால்தான் யூஸ்டேஷியன் குழலுக்குள் காற்றைத் தள்ளமுடியும். மூக்கு திறந்திருந்தால் தள்ளிய காற்று குமிழியாக வெளியே போய்விடும். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை 15 மீட்டருக்கு இறங்கிப் பறை கிழியாமல் திரும்பியவர் ஒவ்வொரு முறையும் காதைச் சமன் செய்திருக்கிறார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை, இயற்பியல் வேறு வழி தரவில்லை. அவருடைய நாக்கும் அண்ணமும் தொண்டையும் உள்ளே செய்த வேலையைப் படகில் நின்றவர் யாரும் பார்க்கவில்லை. கல், கயிறு, பை, மூச்சு ஆகியவை கண்ணுக்குத் தெரிந்தன, ஆகவே ஏட்டில் ஏறின.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நுட்பமும் அந்த வர்ணனையில் இருக்கிறது. கல்லின் பயன் சக்தியை மிச்சப்படுத்துவது, விரைவாக அடிக்குச் சேர்ப்பது என்றே வழக்கமாகச் சொல்வார்கள். அதற்கும் மேலாக, கல் அவரை நின்ற நிலையில், கால் கீழாகத் தலை மேலாக இறக்கியது. இன்றைய ஃப்ரீடைவர் தலைகீழாகத் துடுப்படித்து இறங்குகிறார். தலை கீழே போனால் இரத்தம் தலைப்பக்கம் தேங்கிக் குழலைச் சுற்றியுள்ள மென்திசு வீங்குகிறது. காற்றோ மேல்நோக்கி, அதாவது வாயிலிருந்து நுரையீரலை நோக்கி ஏறப் பார்க்கிறது, காதுக்கு அனுப்ப அதை எதிர்த்திசையில் தள்ளவேண்டியிருக்கிறது. நிமிர்ந்த நிலையில் இந்த இரண்டு தடைகளும் இல்லை. இன்று காதுச் சிக்கல் உள்ள மாணவர்களுக்குப் பயிற்சியாளர்கள் முதலில் சொல்வதே கயிற்றைப் பிடித்துக் கால்வழியாக இறங்கிப் பாருங்கள் என்பதுதான். இதை அறிந்துதான் மன்னார் வளைகுடாக்காரர்கள் கல்லைத் தேர்ந்தார்களா என்று கேட்டால், காரணத்தை அறிந்திருக்கத் தேவையில்லை, விளைவை அறிந்திருந்தால் போதும். தலைமுறை தலைமுறையாக ஒரு கடற்கரைச் சமூகம் சிறுவயதிலிருந்து பிள்ளைகளைப் பழக்கிய தொழிலில், காது தாங்கும் முறை நிலைப்பதும் தாங்காத முறை மறைவதும் இயல்பு.

அப்படியானால் எல்லாருடைய காதும் தாங்கிற்றா? இல்லை, அதற்கும் பெர்சிவலே சாட்சி. படகில் ஏற்றப்பட்டவர்களின் வாயிலும் மூக்கிலும் காதிலுமிருந்து நீர் வடிந்தது என்றும், பலமுறை இரத்தமே வந்தது என்றும் அவர் எழுதுகிறார். உழைப்பின் கடுமைதான் காரணம் என்பது அவர் விளக்கம். இந்த விளக்கம் நிற்காது. கடும் உழைப்பால் காதில் இரத்தம் வருமென்றால் தண்டு வலிப்பவருக்கும் மூட்டை சுமப்பவருக்கும் வந்திருக்கவேண்டும். காதிலிருந்து வந்த இரத்தம் கிழிந்த செவிப்பறையின் இரத்தம். மூக்கிலும் வாயிலும் வந்தது பெரும்பாலும் சமன் செய்யப்படாத முக எலும்புக் குழிகளிலிருந்தோ குழல் வழியாக நடுச்செவியிலிருந்தோ வந்திருக்கவேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிபுளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழி நூல், கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டார்கள் என்கிறது. அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு அவர்களுடைய காதுகளைப் பற்றிய எண்ணமே வருகிறது. மூச்சை யாரும் அடக்கிவிடலாம், அதற்குச் சாட்டை போதும். கற்றுத்தராத காதைச் சாட்டையால் திறக்கமுடியாது. அந்த மனிதர்கள் வலியோடு இறங்கிச் செவிப்பறையை இழந்தவர்களாகவே இருந்திருப்பார்கள்.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு ஆழ்கடல் சாதனைகளிலிருந்து வரும். 18 மீட்டருக்குக் காது முக்கியமாக இருக்கலாம், 50, 100 மீட்டருக்கு நுரையீரல்தானே எல்லை என்பார்கள். ஒரு காலத்தில் அறிவியலும் அப்படித்தான் நினைத்தது. 6 லிட்டர் நுரையீரல் 30 மீட்டரில், நான்கு மடங்கு அழுத்தத்தில், ஒன்றரை லிட்டராகச் சுருங்கும். முழுவதும் மூச்சுவிட்டபின் நுரையீரலில் எஞ்சும் அளவே அதுதான், அதற்குக் கீழே போனால் மார்பு நசுங்கும் என்று கணக்குப் போட்டார்கள். 1949-இல் இத்தாலியின் ரைமொந்தோ பூக்கர் 30 மீட்டர் இறங்கி நலமாகத் திரும்பினார். 1976-இல் பிரான்சின் ஜாக் மயோல் 100 மீட்டரை எட்டினார். மார்பு நசுங்கவில்லை. கைகால்களிலிருந்த இரத்தம் மார்புக்குள் வந்து, காற்று விட்டுச்சென்ற இடத்தை நிரப்பிக்கொள்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆக நுரையீரலின் எல்லை என்று சொல்லப்பட்டது எல்லையாக இருக்கவில்லை. காதின் எல்லையோ உண்மையாகவே அங்கே காத்திருந்தது. நுரையீரல் சுருங்கிவிட்டால் காதுக்கு அனுப்பக் காற்றை எங்கிருந்து எடுப்பது என்பதே ஆழம் போகிறவர்களின் முதன்மைச் சிக்கலாகிவிட்டது.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள, காதுக்குக் காற்றை அனுப்பும் இரண்டு முறைகளின் வேறுபாடு தெரியவேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு நெஞ்சாலும் வயிற்றாலும் ஊதுவது எல்லாரும் அறிந்த முறை. இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வல்சால்வா 1704-இல் காதைப் பற்றி வெளியிட்ட நூலில் இதைச் சொன்னார், நடுச்செவிச் சீழை வெளியேற்றுவதற்காக. கடலில் மூழ்குவது அவர் மனத்திலேயே இல்லை. நுரையீரலில் காற்று நிறைந்திருக்கும்வரை இந்த முறை வேலை செய்யும். தலைகீழாக 20, 30 மீட்டரில் இருப்பவருக்கு ஊத எதுவும் மிஞ்சாது. போதாக்குறைக்கு, முக்கி ஊதும்போது மார்பின் அழுத்தம் கூடித் தலையின் இரத்தநாளங்கள் புடைக்கின்றன, குழல் இன்னும் இறுகுகிறது. பூட்டிக்கொண்ட குழலை எதிர்த்து வெறியோடு ஊதுபவருக்கு உட்செவியின் மெல்லிய சவ்வே கிழிந்து, நிலையான காதுகேளாமையும் தலைச்சுற்றலும் வந்துவிடலாம். செவிப்பறைக் கிழிசலைவிடப் பல மடங்கு கொடியது அது. இரண்டாவது முறையை ஜெர்மானியக் காது மருத்துவர் ஹெர்மன் ஃப்ரென்சல் 1938-இல் விமானிகளுக்காக விவரித்தார். குரல்வளையை மூடிவிடவேண்டும், மூக்கைப் பொத்தவேண்டும், வாய்க்குள் இருக்கும் சிறிதளவு காற்றை நாக்கின் அடிப்பகுதியால் மேலே தள்ளவேண்டும். நெஞ்சுக்கு வேலையே இல்லை, நாக்குதான் பம்பு. காதுக்குத் தேவை ஒரு மில்லிலிட்டர் அளவுதான் என்பதை நினைத்தால், அதற்காக மார்புக்கூடு முழுவதையும் இயக்குவது எவ்வளவு மிகையான வேலை என்பது விளங்கும்.

2001-இல் கனடாவின் எரிக் ஃபாட்டா துடுப்போடு 82 மீட்டர் இறங்கினார். நுரையீரலில் இன்னும் காற்று இருக்கும் ஆழத்திலேயே கன்னம் உப்ப வாயை நிறைத்துக்கொண்டு, குரல்வளையைப் பூட்டி, மீதி ஆழம் முழுவதற்கும் அந்த வாய்க்காற்றையே கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்குச் செலவழிக்கும் முறையை வகுத்தவர் அவர். இன்று உலகின் ஆழ்முழுக்குக்காரர்கள் ஏறக்குறைய அனைவரும் இதையே பின்பற்றுகிறார்கள். 2007-இல் 214 மீட்டர் போன ஆஸ்திரியாவின் ஹெர்பர்ட் நிட்ச் இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆழம் குறைவாக இருக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் புட்டிக்குள் மூச்சை விட்டு வைத்து, பிறகு அதிலிருந்து காற்றை வாய்க்கு எடுத்துக் காதைச் சமன் செய்தார். ஒன்பது நிமிடத்துக்கும் மேல் மூச்சை அடக்கத் தெரிந்த ஒருவர் புட்டியைத் தூக்கிக்கொண்டு போனது சுவாசிப்பதற்காக அல்ல, காதுக்காக. மூச்சா காதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அடுத்த மறுப்பு கூடுதல் வலுவுள்ளது. செவிப்பறைதானே தடை, அது இல்லாவிட்டால்? 1913-இல் கிரேக்கக் கடற்பஞ்சுக் குளிகாரர் ஹாஜி ஸ்தாத்தி, இத்தாலியப் போர்க்கப்பலான ரெஜினா மார்கரீத்தாவின் நங்கூரத்தை 70 மீட்டருக்கும் கீழேயிருந்து மீட்டார். அவரைச் சோதித்த கப்பற்படை மருத்துவர்கள், ஒரு காதில் செவிப்பறையே இல்லை, மற்றதில் ஓட்டை என்று கண்டார்கள். சபாவின் செம்பொர்னா கடலிலும் பிலிப்பீன்ஸ், இந்தோனேசியக் கடல்களிலும் வாழும் பஜாவ் மக்களிடையே இளவயதிலேயே செவிப்பறையைக் கிழியவிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. கிழிந்த பறைக்கு இருபுறமும் நீரே இருக்கும், அழுத்தம் தானாகச் சமனாகிவிடும், வலி இல்லை. அப்படியிருக்க இத்தனை நுட்பம் எதற்கு என்று ஒருவர் கேட்டால், கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஸ்தாத்தியின் வெற்றி என் வாதத்துக்குத் துணையாகவே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காதுத் தடை நீங்கிய ஒரு மனிதர், அக்கால மருத்துவர்கள் இயலாது என்று நினைத்த ஆழத்துக்குப் போய்வந்தார். 2018-இல் மெலிசா இலார்டோவின் குழு பஜாவ் மக்களின் மண்ணீரல் அண்டை நிலவாசிகளுடையதைவிட ஏறத்தாழ பாதியளவு பெரியது என்று காட்டியது. அந்த மண்ணீரல் வழியாக மரபே அவர்களுக்கு மூச்சுச் சேமிப்பைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களும் காதுக்குத் தனியே விலை கொடுக்கவேண்டியிருந்தது.

அந்த விலை என்ன என்பதுதான் கேள்வி. ஓட்டை வழியே கடல்நீர் நடுச்செவிக்குள் புகும்போது, சமநிலையை உணரும் உட்செவிக் குழல்களின் ஒரு பக்கம் குளிர்கிறது, மறுபக்கம் குளிர்வதில்லை. மூளை இதைச் சுழற்சியாகப் புரிந்துகொள்கிறது. மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் உலகம் சுற்றும், வாந்தி வரும். குளிர்நாட்டுக் கடலுக்கு இது பொருந்தலாம், மலாக்கா நீரிணையின் நீர் வெதுவெதுப்பானதாயிற்றே என்று தோன்றும். காது மருத்துவமனைகளில் சமநிலையைச் சோதிக்க வேண்டுமென்றே தலைச்சுற்றலை உண்டாக்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1942 முதல் வழக்கத்திலிருக்கும் அதில் காதுக்குழிக்குள் விடப்படும் நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ். உடல் வெப்பத்தைவிட 7 பாகை குறைந்தால் போதும். அதுவும் செவிப்பறை முழுதாக இருக்கும்போதே! நம் கடலின் வெப்பநிலை 28 முதல் 30 வரைதான். நீருக்கடியில், மூச்சு அடக்கிய நிலையில், திசை தெரியாமல் சுழலும் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். இதிலிருந்து பிழைத்தவருக்குச் சீழ் வடியும் காதும் வயது ஏற ஏறக் குறையும் கேட்கும் திறனும் மிச்சம். ஸ்தாத்தி சாதித்ததை வரலாறு குறித்து வைத்தது. அதே வழியில் இறங்கித் திரும்பாதவர்களை அது குறிக்கவில்லை. எனவே பறையை இழந்து ஆழத்தை வாங்குவது தீர்வு அல்ல, அது தீர்வு தெரியாத காலத்தின் கட்டாயம்.

மற்ற மறுப்புகளில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. காதடைப்பான் வைத்தால் போதாதா என்பார்கள். அடைப்பானுக்கும் பறைக்கும் நடுவே இன்னொரு காற்றறை உருவாகி நிலைமை மோசமாகும், அடைப்பானை நீர் உள்ளே அழுத்திவிடும். சளிக்கு மூக்குச் சொட்டுமருந்து போட்டுக்கொண்டு இறங்கலாமே என்பது அடுத்தது. அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால், விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மேலே வரும்போது பறை வெளிநோக்கிக் கிழியும். வலி பழகிவிடும் என்பது மூன்றாவது. பழகுவது போலத் தோன்றுவது பலசமயம் நடுச்செவிக்குள் நீரும் இரத்தமும் கசிந்து காற்றின் இடத்தை நிரப்பிவிட்டதன் அறிகுறி.

சரியான முறை கணக்கிலிருந்தே பிறக்கிறது. முதல் 10 மீட்டரில் காற்றின் கொள்ளளவு பாதியாகிறது, அடுத்த 10 மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு வருகிறது, அதற்கடுத்த 10-இல் கால் பங்குக்கு. அதாவது மேலே இருக்கும்போதுதான் மாற்றம் மிக வேகமானது, ஆழத்தில் அது மெல்லக் குறைகிறது. ஆழத்துக்கு அஞ்சி மேற்பரப்பை அலட்சியம் செய்யும் தொடக்கக்காரர் தலைகீழாக யோசிக்கிறார். தலை நீருக்குள் போகும் முன்பே ஒருமுறை காதைத் திறந்துகொள்ளவேண்டும். முதல் சில மீட்டரில் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் வலி வருமுன்பே மீண்டும் மீண்டும் மென்மையாகச் செய்யவேண்டும். கழுத்தை நிமிர்த்திக் கயிற்றின் நுனியைப் பார்க்காமல் தாடையைத் தளர்த்தி நேரே பார்க்கவேண்டும், கழுத்தை வளைத்தால் குழலும் இழுபடும். ஒரு முறை திறக்கவில்லையென்றால் நின்று, அரை மீட்டர் ஏறி, மறுபடி முயன்று, அதுவும் நடக்கவில்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். நாக்கால் தள்ளும் ஃப்ரென்சல் முறையைக் கரையிலேயே, கண்ணாடி முன் மூக்கைப் பொத்திக்கொண்டு பழகலாம். சரியாகச் செய்தால் குரல்வளை எழும்பித் தாழ்வது தெரியும், மூக்குச் சிறகுகள் லேசாக உப்பும், வயிறு அசையாது. சிலருக்கு இது ஐந்து நிமிடத்தில் வரும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்கும் நுரையீரலின் வலிமைக்கும் தொடர்பில்லை.

இவையெல்லாம் கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டுமல்ல, நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும். லூபோக் சீனாவிலும் அலோர் காஜா வட்டாரத்திலும் வாழும் தமிழர்கள் பெரும்பாலும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் வழிவந்தவர்கள். லிங்கி ஆறு கடலோடு சேரும் இடமும் பெங்காலான் பாலாக் கடற்கரையும் அருகில்தான். ஆனால் அங்குள்ள நீர் கலங்கலானது என்பதால் மூழ்கிப் பழக விரும்பும் பிள்ளைகள் நீச்சல் குளங்களைத்தான் நாடுகிறார்கள், காசைப் போட்டு அடியிலிருந்து எடுக்கும் விளையாட்டும் அங்கே உண்டு. குளத்தின் ஆழப்பகுதி இரண்டு மீட்டர் என்றால் அடித்தரையில் காதின் மீதுள்ள கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் பாதரசம், குழல் பூட்டிக்கொள்ளும் அளவைவிட மிக அதிகம். பிள்ளைகளின் குழல் பெரியவர்களுடையதைவிடக் குட்டை, படுக்கைவசமானது, சளியில் எளிதாக அடைத்துக்கொள்ளும். ஆகவே நீச்சல் கற்றுத்தரும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் மூச்சு எவ்வளவு நேரம் அடக்குகிறார்கள் என்று எண்ணிக் காட்டும் போட்டியை விட்டுவிடுங்கள். அது காதுக்கு உதவாது, தனியாக மூழ்கும் பிள்ளையை நீருக்கடியிலேயே மயங்கவும் வைத்துவிடும். முதலில் மூக்கைப் பொத்திக் காதைத் திறக்கச் சொல்லிக்கொடுங்கள். சளி பிடித்த நாளில் மூழ்கவிடாதீர்கள். காது வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் மேலே வரச் சொல்லுங்கள். காதில் இரத்தமோ, தலைச்சுற்றலோ, கேட்பதில் மந்தமோ இருந்தால் அன்றே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.